ஏழு தாள்களும் நான்காம் எண் கிளிப்பும்

என் பெயர் திருமதி ஹால்மோஷ் எர்வின். திருமணத்துக்கு முன் பெர்ல் நொயெமி. வயது 70. கணவர் ஹால்மோஷ் எர்வினும் தகப்பனார் பெர்ல் யெனோவும் காலமாகிவிட்டார்கள். புடாபெஸ்ட், மலோம்கோ தெரு, 14ஆம் எண் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக வசித்து வருகிறேன். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. மேற்படி தெருவில் 9ஆம் எண்ணில் உள்ள யூத சமூக மையத்தின் ஓவியக்கூடத்தைப் பதினான்கு ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல் கவனித்து வருகிறேன். எந்தக் கண்காட்சி வைப்பது, எந்தப் படத்தை எந்த ஆணியில் மாட்டுவது, யார் படத்துக்குப் பக்கத்தில் யார் படம் வந்தால் சண்டை வரும் என்பதெல்லாம் என் பொறுப்பு. இன்று 2019 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். இந்த மாதம் 7ஆம் தேதி இதே மேஜையில், இதே விஷயமாக, ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் நான் சொன்னது பொய். அதனால் திரும்பி வந்திருக்கிறேன்.

ஓவியக்கூடத்திலிருந்து காணாமல்போன ஏழு தாள்களை எடுத்தது நான். வாட்ச்மேன் ஷிப்போஷ் கஸ்மேர் எடுக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் கேட்டேன். எல்லாம் வரிசையாகச் சொன்னால் போதும் என்றார். வரிசைப்படி சொல்லிக்கொண்டே போனால் நடுவில் எழுந்து ஓடிவிடுவேன் என்று எனக்குப் பயம் என்றேன். எழுதிக்கொண்டார்.

மையத்தின் நுழைவுக் கூடத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. எங்களிடையே கிழிந்துபோன பிரார்த்தனைப் புத்தகத்தை யாரும் குப்பையில் போடக்கூடாது, விற்கவும் கூடாது. கடவுளின் பெயர் அச்சான தாள் என்பதால் அதைப் பெட்டியில் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், செத்த மனிதரைப் புதைப்பது போலவே குழி தோண்டிப் புதைப்போம். கெனிசா பெட்டி என்று பெயர். அந்தப் பெட்டியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதன் மேல் “இது குப்பைத் தொட்டி அல்ல” என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவள் நான். மையத்தின் தலைவர் ஸேகெய் ஒத்தோ ஒருமுறை குறுக்கெழுத்துப் போட்ட செய்தித்தாளை அதில் திணித்ததற்காக, பத்துப் பேர் முன்னால் அவரை அதை வெளியே எடுக்க வைத்தேன். ஒரு பல் மருத்துவர் டெலிபோன் டைரக்டரியைப் போட்டுவிட்டுப் போனபோது தெருமுனை வரை துரத்திக்கொண்டு போய் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அப்பா அம்மாவின் புத்தகங்களை என்ன செய்தார்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்காமல் இருந்ததில்லை. இதெல்லாம் வழக்குக்கு அவசியமா என்று அதிகாரி கேட்டார். அவசியம் என்று சொன்னேன்.

என் தகப்பனார் 2011 பிப்ரவரியில், தொண்ணூற்றாறாவது வயதில் இறந்தார். முப்பது நாள் துக்கம் முடிந்த பிறகு, அவர் வாடகைக்கு இருந்த வீட்டை ஒரே வாரத்தில் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரு பழைய சாமான் வியாபாரியைக் கூப்பிட்டேன். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அலமாரிய அப்படியே உள்ள இருக்கறதோட எடுத்துக்கறேன், நீங்க ஒண்ணும் தொட வேணாம்” என்றார். அலமாரியின் கீழ்த்தட்டில் அப்பாவின் பிரார்த்தனைப் புத்தகங்கள் ஐந்து இருந்தன. அவை அங்கே இருப்பது எனக்குத் தெரியும். மரப்பெட்டி அங்கிருந்து பத்து நிமிட நடைதான். எட்டு ஆண்டுகள் அவருக்குச் சூப் ஊட்டி, படுக்கை மாற்றி, எனக்கு முதுகு போய்விட்டிருந்தது. குனிய மனம் வரவில்லை. சரி என்று சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அப்போது உயிரோடு இருந்த என் கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. அடுத்த மாதமே பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு விதவையை, “புத்தகத்த வித்தீங்களா? எப்படிங்க மனசு வந்துது?” என்று கேட்டேன். அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

இந்த ஆண்டு செப்டம்பரில் லாந்தோஷ் டோர்கா என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் என்னிடம் வந்தாள். ஓவியக்காரி. பழைய சாமான் சந்தைகளில் கிடந்த பிரார்த்தனைப் புத்தகங்களை ஆறு ஆண்டுகளாக வாங்கி வந்திருக்கிறாள். எங்கள் வீடுகளில் புத்தகத்தின் முதல் வெற்றுத் தாளில் குடும்பத் தலைவர் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் எழுதி வைப்பது வழக்கம். அந்த முதல் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிப் புத்தகத்தை முறைப்படி எங்கள் பெட்டியில் சேர்த்துவிட்டாள். தாள்களைக் கூடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போடுவது போல் தொங்கவிடப் போவதாகச் சொன்னாள். கண்காட்சியின் பெயர் “முதல் தாள்”. நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. “இந்தப் புத்தகத்தையெல்லாம் வித்தவங்க வந்து பாக்கணும், வெக்கப்படணும்” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, “வெக்கப்பட வேணாம் மேடம், வந்து பாத்தா போதும்” என்றாள்.

நவம்பர் 5ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவள் ஆறு கயிறுகள் கட்டினாள். கயிற்றுக்கு ஏழு தாள், தாளுக்கு இரண்டு மரக் கிளிப், துணிக்குப் போடுகிற அதே கிளிப். ஒவ்வொரு கிளிப்பிலும் கயிற்றின் எண்ணைச் சிவப்பு மையால் எழுதியிருந்தாள். கண்காட்சி 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பதாக இருந்தது. 6ஆம் தேதி புதன்கிழமை மதியம் இரண்டு மணி அளவில், பெயர்ச் சீட்டுகளை ஒட்டுவதற்காக நான் மட்டும் கூடத்துக்குள் போனேன். கூடத்துக்கு இரண்டே சாவிகள். ஒன்று என்னிடம், மற்றது வாட்ச்மேன் கஸ்மேரிடம்.

நான்காம் கயிற்றில் மூன்றாவது தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அது என் அப்பாவின் கையெழுத்து. ஏழு என்ற எண்ணுக்கு அவர் குறுக்குக் கோடு போட்டு அதன் நுனியைச் சுருட்டி விடுவார். நான் பள்ளியில் படித்தபோது அதைப் பார்த்து எழுதி ஆசிரியையிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். தாளில் குடும்பப் பெயர் எதுவும் இல்லை. இரண்டு குழந்தைகளின் பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயர் நொயெமி, 1949 மே 19. இந்த ஆண்டு என் எழுபதாவது பிறந்த நாளுக்கு அதே கூடத்தில்தான் கேக் வெட்டி, தேதியைப் பலூனில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிற எண்பது பேரில் எழுபது பேருக்கு அந்தத் தேதி தெரியும்.

என் பெயருக்கு மேலே இருந்த பெயர் லிலி. 1941. என் அம்மாவைக் கட்டுவதற்கு முன்பு அப்பாவுக்கு வேறொரு மனைவியும் ஒரு குழந்தையும் இருந்ததும், போரின்போது நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு அவர்கள் திரும்பி வராததும் எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. கீழ்த்தட்டைத் திறந்து ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில் நான் லிலியை நினைத்து அழுதேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். நான் நினைத்தது அந்த விதவையை. ஒத்தோவை. பல் மருத்துவரை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் கையில் ஒயின் கிளாஸோடு அந்தத் தாளின் முன்னால் நின்று, பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு தாளை மட்டும் எடுத்தால் அது யாருடையது என்று தேடுவார்கள், ஒரு கயிற்றையே எடுத்தால் திருட்டு என்று நினைத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்காம் கயிற்றை இரண்டு பக்கமும் அவிழ்த்து, தாள்களும் கிளிப்புகளும் அதில் இருந்தபடியே சுருட்டினேன். கெனிசா பெட்டியில் சேர்ந்தவற்றை அன்று காலைதான் ஒன்பது சாக்குப் பைகளில் கட்டி மாடிப்படிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், மறுநாள் புதைப்பதற்காக. ஒரு பையை அவிழ்த்து, சுருட்டியதை நடுவில் வைத்து, மேலே இரண்டு கிழிந்த புத்தகங்களைப் போட்டுத் திரும்பக் கட்டினேன். கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் 7ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. பைகளை வண்டியில் ஏற்றியது கஸ்மேர். அவருக்கு வயது 58. எங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்ல. பதினோரு ஆண்டுகளாக மையத்தின் வாசலில் இருக்கிறார். வாலிபத்தில் ஒரு காரிலிருந்து டேப் ரிக்கார்டர் திருடி ஆறு மாதம் உள்ளே இருந்தவர். அவரை வேலைக்கு எடுக்க எல்லோரும் தயங்கியபோது நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டது நான்தான். ஒரு பையைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. அவர் நின்றார்.

“என்ன நொயெமி அம்மா, புத்தகம் குளிர்ல பல்லக் கடிக்குது?” என்றார்.

“பழைய அட்டைதாம்பா, ஒடஞ்சிருக்கும். நீ இறங்கு, பின்னால ஆள் வருது” என்றேன்.

பின்னால் யாரும் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எங்கள் மதகுருவான இளம் ரப்பி பிரார்த்தனை சொன்னார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக மண் போட்டோம். மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்காமல் மண்ணில் குத்தி வைக்க, அடுத்தவர் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் முறை. அந்தக் கடகடச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. மூன்று முறை மண் போட்டேன், முறைப்படி போட வேண்டியதைவிட அதிகமாகவும் போட்டேன். “நொயெமி அம்மா இன்னிக்கு ரொம்ப சுறுசுறுப்பு” என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு வாசலில் கை கழுவிக்கொண்டு திரும்பினோம்.

அன்று மதியம் மூன்று மணிக்கு டோர்கா கூடத்துக்கு வந்து நான்காம் கயிறு இல்லை என்று சொன்னாள். அவள் கத்தவில்லை. கயிறு கட்டியிருந்த கொக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒத்தோ வந்தார். “திருடனுக்கு மூளையே இல்லையாம்மா? பக்கத்து அறையில வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கி இருக்கு, அத விட்டுட்டு அழுக்குத் தாளையா எடுப்பான்?” என்று சொல்லிவிட்டுத்தான் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். கதவு உடைக்கப்படவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான். என்னைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் சாவி என் கழுத்துச் சங்கிலியில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கிக்கொண்டிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு இந்த நிலையத்தில் என் முதல் வாக்குமூலம் எழுதப்பட்டது. புதன்கிழமை நான் கூடத்துக்குள் போகவில்லை என்று சொன்னேன். பொய். வாட்ச்மேன் எப்படிப்பட்டவர் என்று கேட்டபோது, “அவருடைய பழைய கதை எங்களுக்குத் தெரியும், ஆனாலும் நம்பித்தான் வைத்திருக்கிறோம்” என்று சொன்னேன். அவர்மேல் நான் குற்றம் எதுவும் சொல்லவில்லை என்று பதினோரு நாட்களாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய கதை என்று நான் சொல்லாவிட்டால் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றியிருக்காது. அதிகாரி அன்று பேனாவை நிறுத்தி, “என்ன பழைய கதை?” என்று கேட்டார். நான் சொன்னேன். டேப் ரிக்கார்டரின் நிறம்வரை சொன்னேன்.

8ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, கஸ்மேரைக் கூப்பிட்டு மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். மதியம் அவர் மையத்துக்குத் திரும்பி வந்தபோது ஒத்தோ அவரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். கஸ்மேர், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒத்தோ என்னிடம் வந்து, “நொயெமி, ஒரு அறிவிப்பு எழுதிக் குடு. உன் கையெழுத்துதான் அழகு” என்றார். “விசாரணை முடியும்வரை ஷிப்போஷ் கஸ்மேர் பணியில் இருக்கமாட்டார். உறுப்பினர்கள் தங்கள் பொருட்களைச் சரிபார்த்துக்கொள்ளவும்” என்று எழுதினேன். முதல் வரியை ஒத்தோ சொன்னார். இரண்டாவது வரியை நானாகச் சேர்த்தேன். பெட்டிமேல் எழுதிய அதே கொட்டை எழுத்தில், நுழைவுக் கூடத்தின் பலகையில் குத்தி வைத்தேன்.

10ஆம் தேதி கண்காட்சி திறந்தது. டோர்கா நான்காம் கயிற்றின் இடத்தை நிரப்பவில்லை. மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் ஆள் நடக்கும் அளவுக்கு வெறும் இடமாகவே விட்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் கூடி நின்றார்கள். கசகசா கேக்கை மென்றுகொண்டு பேசினார்கள்.

“நான் அன்னிக்கே சொன்னேன், ஜெயிலுக்குப் போனவன வாசல்ல வெச்சா இப்படித்தான் ஆகும்னு.”

“என் குடை போன மாசம் காணாமப் போச்சு, இப்பப் புரியுது.”

“உன் குடைய நீ டிராம்ல விட்ட, நானும்தான கூட இருந்தேன்.”

“அது வேற குடை.”

ஒரு முதியவர் தன் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து கயிறுகளிலும் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தார். கடைசித் தாளை முடித்துவிட்டு என்னிடம் வந்து, “எங்க அண்ணன் தேதி இதுல எதுலயும் இல்ல. காணாமப் போன கயித்துல இருந்திருக்குமோ?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அன்று நான் பேசியதில் உண்மை அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கஸ்மேரின் ஸ்வெட்டர் வாசல் நாற்காலியின் முதுகில் அப்படியே தொங்கியது. யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நேற்று 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அவருடைய வீட்டுக்குப் போனேன். ஊரின் வெளிப்புறத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. உண்மையைச் சொல்லப் போகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தால் எனக்கு இரவில் தூக்கம் வரும் என்றுதான் போனேன். கையில் ஒரு டப்பாவில் வால்நட் கேக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி இபோயா. டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழி விடவில்லை.

“கேக்கா? யாருக்குப் பொறந்த நாள்?” என்றார்.

“சும்மாதாம்மா. கஸ்மேர் எப்படி இருக்கார்னு பாத்துட்டுப் போகலாம்னு.”

“நல்லாத்தான் இருக்கார். பதினோரு வருஷமா வாசல்ல உக்காந்து பழகினவரு, இப்ப தெனமும் காலைல எங்க வீட்டு வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துடறார். படியேறி வரவங்களையெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்லாததுதான் பாக்கி. எதிர் வீட்டுப் பொண்ணு அவரப் பாத்ததும் சைக்கிளுக்கு ரெண்டு பூட்டு போடறா. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்காதீங்க, உங்க அறிவிப்ப யாரோ போட்டோ புடிச்சு இன்டர்நெட்ல போட்டிருக்காங்க. அழகான எழுத்து.”

உள்ளேயிருந்து கஸ்மேர், “அவங்கள உள்ள விடு, இபோயா” என்றார்.

சமையலறையில் உட்கார வைத்தார்கள். டப்பாவை யாரும் திறக்கவில்லை. நான் மையத்தைப் பற்றிப் பேசினேன், குளிரைப் பற்றிப் பேசினேன், எல்லாம் சரியாகிவிடும், உண்மை வெளியே வரும் என்றும் பேசினேன். உண்மை வெளியே வரும் என்று என் வாயால், அவர் முகத்தைப் பார்த்து, அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அவர் எழுந்து போய் ஸ்பூன்கள் வைக்கிற இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து வந்து, கேக் டப்பாவின் மூடிமேல் வைத்தார். மரக் கிளிப். அதில் சிவப்பு மையில் 4 என்று எழுதியிருந்தது.

“வண்டில பையை ஏத்தும்போது ஓட்டை வழியா விழுந்துது” என்றார்.

“போலீஸ்ல கேட்டப்ப ஏன் காட்டல?” என்று கேட்டேன்.

“என்னன்னு சொல்லிக் காட்டறது? இது என் பாக்கெட்லேந்து எடுத்தா, எடுத்தவன் நான்னுதான ஆகும். ஒரு பக்கம் டேப் ரிக்கார்டர் திருடன், இன்னொரு பக்கம் நொயெமி டீச்சர். நானே அதிகாரியா இருந்தா நானும் உங்களத்தான் நம்புவேன்.”

“ஒத்தோகிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம். ரெண்டு நாள்ல நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் நாலு நாள்ல சொல்லுவீங்கன்னு இருந்தேன். எனக்காகக் கையெழுத்துப் போட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். அந்த ஆளத் திருடின்னு என் வாயால சொல்லணுமான்னு இருந்துது. எதுக்காக எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன்.”

இபோயா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “நான் கேப்பேன்” என்றார். ஆனால் கேட்கவில்லை. கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போவதாகச் சொன்னேன். “போறீங்களோ இல்லியோ, அது உங்க பாடு. கேக் டப்பாவ எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார் கஸ்மேர். அவர் என்னிடம் கோபமாகச் சொன்ன ஒரே வாக்கியம் இது. ஏழு மாடி இறங்கினேன், கேக் டப்பாவோடு.

இன்று காலை எட்டு மணிக்கு மையத்துக்குப் போய், டோர்காவையும் ரப்பியையும் வரச் சொல்லி, இதை எல்லாம் அவர்களிடம் முதலில் சொன்னேன். ரப்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாடியைத் தடவிக்கொண்டே, “நொயெமி அம்மா, அந்த முதல் தாள்ல கடவுள் பேரு அச்சாகல. வெறும் தாள். அதப் புதைக்கவேண்டிய அவசியமே இல்ல” என்றார். எனக்கு அது தெரியும் என்றேன். பதினான்கு ஆண்டுகளாக அதை மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான். குழியைத் தோண்டி எடுக்கலாமா என்று டோர்காவிடம் கேட்டேன். பத்து நாளாக மழை, ஈரத்தில் மை இருக்காது, கிழிந்துதான் வரும், வேண்டாம் என்றாள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

“இல்ல மேடம். போட்டோ இருந்தா நேர்ல யாரும் வரமாட்டாங்க. ஒருத்தராவது வந்து, இது எங்க வீட்டுதுன்னு சொன்னா, கழட்டி அவங்க கையில குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் கிளிப்.”

கழற்றிக் கொடுப்பதற்கு வசதியாகத்தான் ஆணி அடிக்காமல் கிளிப் போட்டிருக்கிறாள். அந்தத் தாளின் முன்னால் நின்று, இது என் அப்பா எழுதியது என்று சொல்லியிருந்தால் போதும், அது இந்நேரம் என் வீட்டில் இருந்திருக்கும். வந்தவர்கள் என்னைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, காணாமல்போன பொருட்களின் அடையாளத்தை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். நான் சொன்னதாவது:

நான்காம் கயிறு, மூன்றாம் தாள். உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு, பழுப்பு நிறம், கீழ் மூலை எலி கடித்தது. கறுப்பு மை. மேலே, “லிலி, 1941 மார்ச் 2, காலை ஆறு மணி, மூன்று கிலோ, முடி கறுப்பு.” அதன் கீழே நான்கு விரல் அளவு வெற்றிடம். அதன் கீழே, “நொயெமி, 1949 மே 19, மாலை, மழை.” லிலியின் பெயருக்குப் பக்கத்தில் இறந்த தேதி எழுதப்படவில்லை. இவ்வளவு விவரம் வேண்டாம், கையெழுத்துள்ள தாள் ஒன்று என்று போட்டால் போதும் என்றார் அதிகாரி. இந்தப் பெயர் இனிமேல் வேறு எந்தத் தாளிலும் இல்லை, அதனால் இந்தத் தாளில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதியிருக்கிறார்.

மற்ற ஆறு தாள்கள். அவற்றில் என்ன பெயர்கள் இருந்தன என்று கேட்டார். எனக்குத் தெரியாது. சுருட்டும்போது அவை என் கையில்தான் இருந்தன. நான் படிக்கவில்லை.

கிளிப் ஒன்று, எண் 4, இத்துடன் ஒப்படைக்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். அறிவிப்புப் பலகையில் கஸ்மேர் பெயரில் நான் எழுதியதை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே குண்டூசியால் இதைக் குத்தி வைப்பேன். அந்த முதியவரும் வந்து படிக்கட்டும், அவருடைய அண்ணன் தேதியை மண்ணில் போட்டது யார் என்று. கஸ்மேரிடம் சாவியை என் கையால் கொடுக்க மாட்டேன். அவர் வாங்க மாட்டார். ஒத்தோ கொடுக்கட்டும். என் கழுத்தில் இருந்த சாவியை இன்று காலை ரப்பியின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். “மேற்கண்டவை யாவும் உண்மை” என்ற வாக்கியத்தை முடிவில் போட வேண்டும் என்றார். பதினோரு நாட்களுக்கு முன்பு இதே மேஜையில் இதே வாக்கியத்தின் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அன்று அது உண்மை இல்லை. இன்று எழுதியது உண்மை. கணவர் பெயரில் போட வேண்டாம், என் அப்பா எழுதி வைத்த பெயரில் போடுகிறேன் என்று கேட்டேன். சரி என்றார்.

(ஒப்பம்) பெர்ல் நொயெமி